பவர் பாப்: உங்களுக்குப் பிடித்த குழுக்கள் எவை, எதை வைத்து அதை அடையாளம் காண்கிறீர்கள்?

தாளக்காரன்:

பாப் பாட்டின் இனிய மெட்டை ராக்கின் வேகத்தோடு வாசிக்கும் பவர் பாப்புக்கென்று இந்த மன்றத்தில் தனியாக ஓர் இழை வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. மற்ற ராக் இழைகளில் நடுநடுவே அதன் பெயர் அடிபடும், அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விடும். இங்கே அதை மட்டும் பேசுவோம். பிடித்த குழுக்களைச் சொல்லுங்கள், கூடவே எதனால் அதைப் பவர் பாப் என்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

பெயர் வைத்தவர் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட். 1967 மே மாதம் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், தாங்கள் வாசிப்பது பவர் பாப் என்றார். ஸ்மால் ஃபேசஸ் முன்பு வாசித்ததையும், பீச் பாய்ஸ் ‘ஃபன், ஃபன், ஃபன்’ காலத்தில் வாசித்ததையும் அதே கணக்கில் சேர்த்தார்.

என் கட்சி இது: பவர் பாப்பைத் தீர்மானிப்பது டிரம்ஸ். கிட்டார், ஹார்மனி (வெவ்வேறு சுரங்கள் ஒன்றாக இணைந்து ஒலிப்பது), மூன்று நிமிட அளவு எல்லாம் வேண்டும்தான். ஆனால் இனிமையான மெட்டு எந்தப் பாப் பாட்டிலும் கிடைக்கும். அந்த மெட்டுக்கு அடியில் ஓர் ஆள் அடங்காமல் அடித்துக்கொண்டிருந்தால்தான் எனக்கு அது பவர் பாப். 1965-இல் வந்த ஹூ குழுவின் ‘ஐ கான்ட் எக்ஸ்ப்ளெய்ன்’ கேளுங்கள். இரண்டு நிமிடம் சொச்சம்தான். பின்னணிக் குரல்கள் ஐவி லீக் என்ற மூவருடையவை. வானொலிக்கென்றே மெருகேற்றிய குரல்கள். அதற்குக் கீழே டிரம்மர் கீத் மூன், வரி முடிகிற இடத்திலெல்லாம் புகுந்து உருட்டுகிறார். பாடுகிறவன் மனதில் இருப்பதைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் தவிக்கிறான். அவனால் சொல்ல முடியாததை டிரம்ஸ் சொல்லிவிடுகிறது.

எனக்குப் பிடித்தவர்கள்: பிக் ஸ்டார், ராஸ்ப்பெரீஸ், பேட்ஃபிங்கர், சீப் டிரிக், ஜெல்லிஃபிஷ். ஜெல்லிஃபிஷின் ஆண்டி ஸ்டர்மர் மேடையின் முன்வரிசையில் நின்றபடியே டிரம்ஸ் அடித்துக்கொண்டு பாடியவர். அவர் ஒருவரே என் கட்சிக்குப் போதும்.

பன்னிரண்டு கம்பி:

அண்ணா, இழைக்கு ரொம்ப நன்றி. கட்சியைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அடங்காத டிரம்ஸ் வேண்டுமென்றால் ஹார்ட் ராக்கில் கொட்டிக்கிடக்கிறது. பவர் பாப் இருப்பது கிட்டாரில். அதிலும் ரிக்கன்பேக்கர் 12 கம்பி கிட்டாரில்.

வாசித்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். 12 கம்பியும் ஜோடி ஜோடியாக இருக்கும். உச்ச சுருதியில் உள்ள இரண்டு ஜோடிகளில் இரு கம்பிகளும் ஒரே சுருதி. மற்ற நான்கு ஜோடிகளிலும் ஒன்று தடித்த கம்பி, மற்றது அதற்கு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய கம்பி. சாதாரண 12 கம்பி கிட்டாரில் கையைக் கீழே இழுக்கும்போது மெல்லியது முதலில் படும். ரிக்கன்பேக்கர்காரர்கள் வரிசையை மாற்றி வைத்தார்கள். தடித்ததுதான் முதலில் படும். அதனால் அடி கனமாக விழுந்து, அதன் முதுகிலேயே கணீரென்று இன்னொரு ஒலி கிளம்பும். கனமும் இனிமையும் ஒரே கைவீச்சில் வந்துவிடுகிறது.

‘எ ஹார்ட் டேஸ் நைட்’ படத்தில் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்வின் அதே கிட்டாரை வாங்கினார். பிறகு 1966-இல் பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஆல்பம். அதில் ‘அண்ட் யுவர் பேர்ட் கேன் சிங்’ பாட்டில் ஹாரிசனும் மெக்கார்ட்னியும் இரண்டு கிட்டார்களில் ஒரே ஓட்டத்தை ஹார்மனியாக வாசிக்கிறார்கள். பின்னால் வந்த குழுக்களில் பாதிப் பேர் அந்த ஒரு பாட்டிலிருந்து முளைத்தவர்கள் என்பது என் எண்ணம்.

என் விருப்பம்: டீனேஜ் ஃபேன்கிளப், ஷூஸ், பேட்ஃபிங்கர்.

புதுக்காது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ‘மை ஷரோனா’, ‘ஸ்டேசீஸ் மாம்’ இரண்டும்தான் கேட்டிருக்கிறேன். இரண்டும் பவர் பாப் என்று போட்டிருந்தது. இரண்டுக்கும் ஒற்றுமை என்னவென்றே எனக்குப் பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்கலாம் என்று யாராவது சொல்லுங்களேன்.

கேசட் பெட்டி:

புதுக்காது தம்பி, வாருங்கள். உங்கள் கேள்விக்கு வருகிறேன், அதற்கு முன்னால் மேலே பேசிய இருவருக்கும் ஒரு வார்த்தை.

நீங்கள் சொல்வதெல்லாம் 1965, 1966. அதைப் பவர் பாப் என்று நான் சொல்ல மாட்டேன், டவுன்ஷெண்டே சொன்னாலும் சரி. ஹூ, பீட்டில்ஸ், பேர்ட்ஸ் மூவரும் ஊற்று. அந்த இசை கண்முன்னே மறைந்துபோனதைப் பார்த்து, அதை விட மனமில்லாமல் திரும்ப உண்டாக்கியவர்கள் வாசித்ததுதான் பவர் பாப். திரும்பிப் பார்க்காத பவர் பாப் குழு ஒன்றை எனக்குக் காட்டுங்கள்.

1972-ஐ நினைத்துப் பாருங்கள். பீட்டில்ஸ் பிரிந்தாயிற்று. ராக் குழுக்கள் ஒரு பாட்டை இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க நீட்டுகின்றன. நீளமாக வாசித்தால்தான் மதிப்பு என்றிருந்த நேரத்தில், ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாண்டிலிருந்து ராஸ்ப்பெரீஸ் என்று நான்கு பேர் ஒரே மாதிரி சூட் போட்டுக்கொண்டு, மூன்று நிமிடக் காதல் பாட்டோடு வந்து நிற்கிறார்கள். முதல் ஆல்பத்தின் மேல் சுரண்டினால் ராஸ்ப்பெரி வாசனை வரும் ஸ்டிக்கர் வேறு. அன்றைய ராக் ரசிகர்கள் அவர்களைச் சின்னப் பிள்ளைகளுக்கான குழு என்று ஒதுக்கினார்கள்.

ஆனால் ‘கோ ஆல் தி வே’ பாட்டை ஒரு முறை கவனமாகக் கேளுங்கள். எடுத்த எடுப்பில் ஹூ குழுவே வந்து இறங்கிய மாதிரி முரட்டுக் கிட்டார். பாட்டு முழுக்க இப்படித்தான் போகும் என்று நினைக்கிறபோது சட்டென்று எல்லாம் அடங்கி, எரிக் கார்மன் மெல்லிய குரலில் சரணத்தைத் தொடங்குகிறார். பின்னால் பீச் பாய்ஸ் பாணியில் குரல்கள். பிறகு திரும்ப அந்த முரட்டுக் கிட்டார். ஹூவையும் பீச் பாய்ஸையும் ஒரே பாட்டுக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். டவுன்ஷெண்ட் பேட்டியில் சொன்ன இரண்டு பெயர்களும் அங்கே இருக்கின்றன, பாருங்கள். அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுப் பட்டியலில் 5-ஆம் இடம் வரை போனது. வரிகளுக்காக பிபிசி அதைத் தடை செய்தது.

1974-இல் அவர்கள் செய்த ‘ஓவர்நைட் சென்சேஷன்’ இன்னும் ஒரு படி மேல். தன் பாட்டு வானொலியில் வந்துவிடாதா என்று ஏங்குகிறவனின் பாட்டு அது. நடுவில் ஓரிடத்தில் மொத்த இசையும் சின்ன டிரான்சிஸ்டருக்குள் போய்விட்ட மாதிரி சுருங்கிவிடும். அவன் பாட்டு வானொலியில் வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். முடிவில் எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று நினைக்கும்போது டிரம்ஸ் இடித்துக்கொண்டு திரும்பி வரும். (தாளக்காரன் சார், இந்த இடத்தை உங்களுக்கே விட்டுத் தருகிறேன்.)

தம்பி கேட்டதற்குப் பதில்: இந்த இரண்டு பாட்டிலிருந்து தொடங்குங்கள்.

மெம்ஃபிஸ் பித்தன்:

இத்தனை பேர் பேசியும் பிக் ஸ்டார் பெயர் ஒரே ஒரு முறை, அதுவும் பட்டியலுக்குள். நான் எழுதியாக வேண்டும்.

டென்னசி மாநிலம் மெம்ஃபிஸ், ஆர்டென்ட் ஸ்டூடியோ. சாலைக்கு எதிரே பிக் ஸ்டார் என்றொரு மளிகைக் கடை. அந்தப் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். அலெக்ஸ் சில்ட்டன் 16 வயதிலேயே பாக்ஸ் டாப்ஸ் குழுவில் ‘தி லெட்டர்’ பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர். 1967-இல் அந்தப் பாட்டில் கேட்பது நடுவயதுக்காரரின் கரகரத்த குரல். ஐந்து வருடம் கழித்து பிக் ஸ்டாரில் கேட்டால், குரல் இளைத்து, நடுங்கி, பையனுடையதாக மாறியிருக்கும். வளர வளர இளமையான குரல் அவருடையது. கிறிஸ் பெல், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீபன்ஸ் மற்ற மூவர்.

முதல் ஆல்பத்துக்கு ‘#1 ரெக்கார்ட்’ என்று பெயர் வைத்து 1972-இல் வெளியிட்டார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. கடையில் போய்க் கேட்டால் தட்டு இல்லை. ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் விநியோகம் கைகொடுக்கவில்லை. பிறகு கொலம்பியாவோடு போட்ட ஒப்பந்தமும் உதவவில்லை. பெல் மனம் ஒடிந்து வெளியேறினார். மிச்சமிருந்த மூவர் 1974-இல் ‘ரேடியோ சிட்டி’ கொண்டுவந்தார்கள். அதில்தான் ‘செப்டம்பர் கர்ல்ஸ்’ இருக்கிறது.

அந்தப் பாட்டில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கிட்டார் அவ்வளவு பளீரென்று இருக்கிறது, ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்த ஜான் ஃப்ரை ஒவ்வொரு கம்பியையும் துடைத்து வைத்த மாதிரி. ஆனால் பாடுகிறவன் சந்தோஷமாக இல்லை. இசை வெயிலில் நிற்கிறது, குரல் நிழலில் நிற்கிறது. பவர் பாப்பின் இலக்கணத்தை என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். டிரம்ஸும் கிட்டாரும் கொண்டாடும்போது வார்த்தை ஏங்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தால் எனக்கு நிறைவில்லை.

கிறிஸ் பெல் 1978 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தார், 27 வயது. அதே ஆண்டு வெளிவந்த அவருடைய ‘ஐ ஆம் தி காஸ்மோஸ்’ சிறிய தட்டு மட்டுமே அவர் பெயரில் அவர் காலத்தில் வந்தது. ஆல்பமாகத் தொகுத்து வந்தது 1992-இல்.

நீலக்குரல்:

மெம்ஃபிஸ் பித்தன் எழுதியது மனதைத் தொட்டது. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இந்த இழையில் இதுவரை பேசிய எல்லாப் பாட்டிலும் ஏங்குகிறவன் ஆண். பெண் யார்? சுவரில் ஒரு படம், ஒரு பெயர், ஒரு கண். ஹூ குழுவின் ‘பிக்சர்ஸ் ஆஃப் லில்லி’ உண்மையாகவே ஒரு படத்தைப் பற்றிய பாட்டு. ‘மை ஷரோனா’ கிட்டார் வாசிப்புக்காக எனக்கும் பிடிக்கும். அந்த வரிகளை முகம் சுளிக்காமல் என்னால் கேட்க முடிந்ததில்லை.

பெண்கள் இந்த இசையைக் கையில் எடுத்தபோது என்ன ஆனது என்பதையும் பேச வேண்டாமா? கோ-கோஸ் குழுவின் ‘பியூட்டி அண்ட் தி பீட்’ 1981-இல் வந்து அடுத்த ஆண்டு பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. தாங்களே எழுதித் தாங்களே வாசித்த பெண்கள் குழு அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. தாளக்காரன் அண்ணா, ஜீனா ஷாக்கின் டிரம்ஸை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ‘வி காட் தி பீட்’ தொடங்குவதே அவரிடமிருந்துதான்.

அப்புறம் பேங்கிள்ஸ். ‘செப்டம்பர் கர்ல்ஸ்’ பாட்டை 1986-இல் ‘டிஃபரென்ட் லைட்’ ஆல்பத்தில் அவர்கள் பாடினார்கள். பாடியவர் பேஸ் கிட்டார் வாசிக்கும் மைக்கேல் ஸ்டீல். ஒரு பெண் குரல் அதே வரிகளைப் பாடும்போது ஏக்கத்தின் திசையே மாறிவிடுகிறது. மூலப் பாட்டைவிடச் சிறந்தது என்று வாதாட வரவில்லை. சில்ட்டனின் குரலில் அது புலம்பல், ஸ்டீலின் குரலில் அது தெளிவு. என் காதுக்கு இரண்டும் வேண்டும்.

இன்றைக்குக் கேட்க வேண்டுமென்றால் நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து தி பெத்ஸ். எலிசபெத் ஸ்டோக்ஸ் எழுதும் வரிகளில் ஏங்குகிறவளே தன் ஏக்கத்தைக் குறுக்கு விசாரணை செய்கிறாள். ‘ஃபியூச்சர் மி ஹேட்ஸ் மி’ 2018, ‘எக்ஸ்பர்ட் இன் எ டையிங் ஃபீல்ட்’ 2022. குழுவில் எல்லோருமே பின்னணி பாடுகிறார்கள். இந்த இசை இப்போதும் வளர்கிறது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டாம்.

பன்னிரண்டு கம்பி:

நீலக்குரல் அக்கா, பேங்கிள்ஸின் ஆரம்ப காலப் படங்களைப் பாருங்கள், சூசானா ஹாஃப்ஸ் கையில் ரிக்கன்பேக்கர் இருக்கும்.

பெத்ஸ் இன்று முழுக்கக் கேட்கிறேன்.

தாளக்காரன்:

அக்கா சொன்னது நியாயம். ஜீனா ஷாக் பெயர் என் முதல் பதிவிலேயே இருந்திருக்க வேண்டிய பெயர்.

கேசட் பெட்டி சாருக்கும் பன்னிரண்டு கம்பிக்கும் சேர்த்து ஒரு சான்று வைக்கிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். சீப் டிரிக், இல்லினாய் மாநிலம் ராக்ஃபோர்ட். ‘ஐ வாண்ட் யூ டு வாண்ட் மீ’ பாட்டை முதலில் 1977-இல் ‘இன் கலர்’ ஆல்பத்துக்காக ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். பியானோ துள்ள, எல்லாம் இலேசாக, பழைய நாடகக் கொட்டகைப் பாட்டு மாதிரி இருக்கும். அமெரிக்காவில் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1978 ஏப்ரலில் டோக்கியோ புடோக்கான் அரங்கில் அதையே மேடையில் வாசித்தார்கள். அதே நான்கு பேர், அதே மெட்டு, அதே வரிகள். பன் ஈ. கார்லோஸ் டிரம்ஸில் போட்டு விளாசுகிறார். ராபின் ஸாண்டர் ஒரு வார்த்தை பாடினால் கூட்டம் அதைத் திருப்பிக் கத்துகிறது. ஜப்பானுக்கு மட்டும் என்று போட்ட ஆல்பம், இறக்குமதியாகி அமெரிக்காவில் விற்று, கடைசியில் 1979-இல் அங்கேயும் வெளியிட்டார்கள். அந்த மேடைப் பாட்டு 7-ஆம் இடம் வரை போனது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெட்டு மாறவில்லை. திரும்பிப் பார்க்கும் ஏக்கமும் இரண்டிலும் ஒன்றுதான். முதலாவது பாப். இரண்டாவதுதான் பவர் பாப். நடுவில் மாறியது அடி.

கேசட் பெட்டி:

நல்ல சான்று. ஆனால் அடி மட்டும் மாறவில்லை. பேஸ் வாசிக்கும் டாம் பீட்டர்சன், கிட்டார் வாசிக்கும் ரிக் நீல்சன் இருவரின் ஒலியும் மேடையில் முழுக்க வேறு. பீட்டர்சன்தான் 12 கம்பி பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தவர். ஒவ்வொரு பேஸ் கம்பிக்கும் பக்கத்தில் ஸ்தாயி மேலாக இரண்டு மெல்லிய கம்பிகள் ஓடும். அடியும் கிட்டாரும் சேர்ந்துதான் அந்தக் கனம். உங்கள் இருவரின் கட்சிக்கும் பாதிப் பாதி தருகிறேன்.

என் கட்சியை விடவில்லை. 1978 மார்ச்சில் கிரெக் ஷா தன் பாம்ப் பத்திரிகையில் பவர் பாப் பற்றிச் சிறப்புப் பகுதி போட்டார். பங்க் என்ற முரட்டு எளிய ராக் வந்து இடத்தைச் சுத்தம் செய்துவிட்டது, இனி மெட்டு திரும்பலாம் என்ற நம்பிக்கை அப்போது பலருக்கும் இருந்தது. நெர்வ்ஸ் என்று மூன்று பேர் 1976-இலேயே ஒரு சின்னத் தட்டு போட்டிருந்தார்கள். ஜாக் லீ எழுதிய ‘ஹேங்கிங் ஆன் தி டெலிஃபோன்’ அதில்தான் இருக்கிறது. பிளாண்டி குழு 1978-இல் பாடிய பிறகே உலகம் அதைக் கேட்டது. இல்லினாயின் ஸையான் ஊரில் ஷூஸ் குழு நான்கு தட டேப் இயந்திரத்தை வீட்டுக் கூடத்தில் வைத்தே ‘பிளாக் வினைல் ஷூஸ்’ ஆல்பத்தைப் பதிவு செய்தது, 1977. பதிவுக் கூடமும் பெரிய நிறுவனமும் தேவையில்லை, நல்ல மெட்டும் மூன்று குரலும் போதும் என்று காட்டிய ஆல்பம். அதன் மங்கலான ஒலியே அதன் அழகு.

1979-இல் தி நாக் குழு. ‘கெட் தி நாக்’ ஆல்பத்தைச் சுமார் 18,000 டாலரில், இரண்டு வாரத்துக்குள் முடித்தார்கள். ‘மை ஷரோனா’ ஆறு வாரம் முதலிடம். கேப்பிட்டல் நிறுவனம் அவர்களை அடுத்த பீட்டில்ஸ் என்கிற தோரணையில் விற்றது. உடனே எதிர்ப்பும் கிளம்பியது. அந்த வெற்றிக்குப் பிறகு எல்லா நிறுவனங்களும் மெலிந்த டை கட்டிய நான்கு பேரைத் தேடி ஒப்பந்தம் போட்டு, ஓரிரு ஆல்பத்தில் கைவிட்டன. நாக்கின் வெற்றி பவர் பாப்புக்கு நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்தது என்பது என் கருத்து. ‘மை ஷரோனா’வுக்கும் ‘ஸ்டேசீஸ் மாம்’ பாட்டுக்கும் என்ன ஒற்றுமை என்று தம்பி கேட்டாரே: இரண்டும் பழைய ஒலிக்கு மரியாதை செய்கிற பாட்டுகள். முதலாவது 1960-களுக்கு, இரண்டாவது கார்ஸ் குழுவுக்கு.

மெம்ஃபிஸ் பித்தன்:

பேட்ஃபிங்கர் பற்றி இரண்டு பேர் பட்டியலில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். வேல்ஸின் ஸ்வான்சீயில் ஐவீஸ் என்று தொடங்கி, பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்துக்கு வந்தவர்கள். ‘நோ மேட்டர் வாட்’ 1970. ‘பேபி புளூ’ 1971 ‘ஸ்ட்ரெய்ட் அப்’ ஆல்பத்தில். ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் கடைசிக் காட்சியில் 2013-இல் அது ஒலித்ததும் ஒரு புதிய தலைமுறையே பீட் ஹாமின் குரலைத் தேடிப் போனது. ஹாம் சரணத்தையும் டாம் எவன்ஸ் பல்லவியையும் தனித்தனியாக எழுதி வைத்திருந்து ஒட்டியதுதான் ‘விதவுட் யூ’. அதை ஹாரி நில்சன் பாடி 1972-இல் முதலிடம் பிடித்தார். அந்தப் பாட்டு கோடிக்கணக்கில் சம்பாதித்தது. எழுதிய இருவருக்கும் அது போய்ச் சேரவில்லை. பணச் சிக்கலும் வழக்கும் குழுவை நெரித்தன. 1974-இல் வந்த ஆல்பத்தை நிறுவனமே சில வாரத்தில் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. பீட் ஹாம் 1975 ஏப்ரலில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். 28 வயதுகூட ஆகவில்லை. 1983-இல் எவன்ஸும் அப்படியே போனார்.

இவர்களுடைய பாட்டை வெறும் இனிமை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

நீலக்குரல்:

பொறுக்காததுதான். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும் சார். பிக் ஸ்டார், பேட்ஃபிங்கர் கதைகளை வைத்து, தோற்றவர்களின் இசைதான் பவர் பாப் என்று எழுதுகிறவர்கள் நிறைய. துயரத்தை அளவுகோலாக்கினால் கோ-கோஸும் சீப் டிரிக்கும் ராஸ்ப்பெரீஸும் எங்கே போவார்கள்? அந்த ஆட்கள் எல்லோருமே வானொலியில் வர ஆசைப்பட்டு, கோடிப் பேர் பாட வேண்டும் என்று எழுதியவர்கள். அவர்களுக்கு நேர்ந்ததைப் பாட்டின் குணமாக்குவது அவர்களுக்கே நியாயம் செய்யாது. பீட் ஹாமை அவர் மரணத்துக்காக இல்லை, ‘நோ மேட்டர் வாட்’ பல்லவிக்காகக் கேட்க விரும்புகிறேன்.

மெம்ஃபிஸ் பித்தன்:

ஏற்கிறேன் அம்மா. சரியாகச் சொன்னீர்கள்.

புதுக்காது:

எல்லோர் பதிவையும் படித்துப் படித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ‘கோ ஆல் தி வே’ தொடக்கமும் சரணமும் ஒரே பாட்டா என்று திரும்பப் போட்டுப் பார்த்தேன்! புடோக்கான் பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. இன்னொரு சந்தேகம்: வீசர், கிரீன் டே எல்லாம் பவர் பாப்பா? பாப் பங்க் என்று வேறு சொல்கிறார்கள்.

பன்னிரண்டு கம்பி:

இது நல்ல கேள்வி, எனக்குப் பிடித்த சண்டையும்கூட. என் காது இப்படிப் பிரிக்கிறது. பாப் பங்க்கில் உள்ளங்கையைக் கம்பி மேல் வைத்து அமுக்கி, ஒரே சீராகக் கடகடவென்று கீழ்வீச்சாக அடிப்பார்கள். கிட்டார் ஒரு சுவராக நிற்கும். பவர் பாப்பில் கம்பிகள் திறந்திருக்கும். ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தை) அடித்தால் அதன் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழும், அடுத்த அடி வரை அது ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியில்தான் ஹார்மனி வந்து உட்கார முடியும். கிரீன் டே எனக்கு அந்தப் பக்கம். வீசரின் 1994 நீல ஆல்பம் இந்தப் பக்கம்; கிட்டார் அவ்வளவு தடிமனாக இருந்தும் மெட்டும் பின்குரலும் அதன்மேல் மிதக்கின்றன. அதைத் தயாரித்தவரும் கார்ஸ் குழுவின் ரிக் ஓகாசெக்தான்.

டீனேஜ் ஃபேன்கிளப்பையும் இதே காதோடு கேளுங்கள். ஸ்காட்லாந்தின் பெல்ஸ்ஹில் பகுதியைச் சேர்ந்தவர்கள். 1991-இல் ஸ்பின் பத்திரிகை நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தைக்கூடப் பின்னுக்குத் தள்ளி இவர்களின் ‘பேண்ட்வேகனெஸ்க்’ ஆல்பத்தை ஆண்டின் சிறந்ததாகத் தேர்ந்தெடுத்தது. எனக்கு அதைவிட 1995 ‘கிராண்ட் பிரீ’ உசத்தி. நார்மன் பிளேக், ஜெரார்ட் லவ், ரேமண்ட் மெக்கின்லி மூவரும் எழுதுவார்கள், மூவரும் பாடுவார்கள். யார் எழுதிய பாட்டானாலும் மற்ற இருவர் குரலும் அதற்குத் தோள் கொடுக்கும். லவ் 2018-இல் பிரிந்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

தாளக்காரன்:

தம்பி, கார்ட்டூன் நெட்வொர்க்கில் ‘டீன் டைட்டன்ஸ்’ பார்த்திருந்தால் உங்களுக்குத் தெரியாமலே ஒரு பவர் பாப் ஆளைக் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் சொன்ன ஆண்டி ஸ்டர்மர்தான் அதன் தொடக்கப் பாட்டை எழுதியவர். பாடியது ஜப்பானின் பஃபி அமியுமி. ஜெல்லிஃபிஷ் ‘பெல்லிபட்டன்’, ‘ஸ்பில்ட் மில்க்’ என்று இரண்டே ஆல்பத்தோடு உடைந்த பிறகு அவர் பஃபிக்காக எழுதவும் தயாரிக்கவும் தொடங்கினார்.

ஃபவுண்டன்ஸ் ஆஃப் வேய்ன் குழு பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர்களின் ‘ஸ்டேசீஸ் மாம்’ பாட்டை எழுதியவர்களில் ஒருவர் ஆடம் ஷ்லெசிங்கர். டாம் ஹாங்ஸ் 1996-இல் இயக்கிய ‘தட் திங் யூ டூ!’ படத்துக்கு, 1964-இல் ஒரு சிற்றூர்க் குழு வாசித்துப் புகழ் பெற்ற பாட்டு மாதிரி ஒன்று தேவைப்பட்டது. படத்தில் அது திரும்பத் திரும்ப வரும், ஒரு முறைகூடச் சலிக்கக் கூடாது. ஷ்லெசிங்கர் எழுதியது சலிக்கவில்லை; ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. படத்தில் அந்தப் பாட்டு எப்படி வெற்றி பெறுகிறது தெரியுமா? மெதுவான காதல் பாட்டாக இருந்ததை, போட்டி மேடையில் புதிதாக வந்த டிரம்மர் வேகமாக அடிக்கத் தொடங்குகிறான். மற்றவர்கள் வேறு வழியில்லாமல் அவன் பின்னால் ஓடுகிறார்கள். ஷ்லெசிங்கர் 2020 ஏப்ரல் 1 அன்று கொரோனாவில் போய்விட்டார், 52 வயது. ‘உட்டோபியா பார்க்வே’ ஆல்பத்தைத் தேடிக் கேளுங்கள். நியூ ஜெர்சி, நியூயார்க் புறநகர்களின் சாதாரண மனிதர்களை அவ்வளவு அன்போடு எழுதிய குழு வேறு இல்லை.

கேசட் பெட்டி:

1964-ஐ 1996-இல் திரும்பிப் பார்த்து எழுதிய பாட்டு. என் கட்சிக்கும் அதுவே சாட்சி.

புதுக்காது:

என்னிடம் சாதாரண ஆறு கம்பி எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று இருக்கிறது. நண்பன் டிரம்ஸ் வாசிப்பான். முதலில் எந்தப் பாட்டைப் பழகலாம்?

பன்னிரண்டு கம்பி:

டெட்ராய்ட்டின் ரொமான்டிக்ஸ் வாசித்த ‘வாட் ஐ லைக் அபவுட் யூ’. 1980-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் இருக்கிறது. ஈ, ஏ, டீ, ஏ என்று மூன்றே கார்டுகள் சுற்றிச் சுற்றி வரும். அதைப் பாடியவரே அவர்களின் டிரம்மர் ஜிம்மி மாரினோஸ், அதனால் நண்பருக்கும் வேலை இருக்கிறது.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். கார்டு மாறும் ஒவ்வொரு முறையும் இடது கையை நொடி நேரம் தளர்த்திக் கம்பியை வாயடைக்க வேண்டும். அந்த வெட்டு இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றோடொன்று குழைந்து பாட்டு தொய்ந்துவிடும். ஆம்ப்ளிஃபயரில் கரகரப்பைக் குறைத்து, உச்ச ஒலியைக் கொஞ்சம் கூட்டுங்கள். முதலில் நண்பரை மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள். வெட்டு சுத்தமாக விழத் தொடங்கியதும் வேகத்தை ஏற்றலாம். கைத்தட்டலுக்கு மூன்றாவதாக ஓர் ஆள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.